மூணு நிமிஷம் பொறுங்க

அவர் டீக்குக் கூப்பிட்டால், வீட்டிலேயே ஒரு டீ குடித்துவிட்டுப் போவது உத்தமம். கூப்பிடுகிறவர் “குடிக்க வாங்க” என்று சொல்வதே இல்லை. “டேஸ்ட் பண்ண வாங்க” என்பார். வித்தியாசம் போய் உட்கார்ந்த பிறகு தெரியும். முக்கால் மணி நேரத்தில் ஐந்து வகை வரும். ஐந்தையும் சேர்த்து ஊற்றினாலும் ஒரு டம்ளர் நிரம்பாது.

கோயம்புத்தூரில் அபார்ட்மெண்ட்டுக்கு ஒருவர் வீதம் இப்படி உருவாகிவிட்டார்கள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பிள்ளை வெளியூரில் படிக்கும். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும்; பாலையும் சீனியையும் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். முதலில் ஒரு கிரீன் டீ பாக்கெட் மருந்தாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆறே மாதத்தில் அது மதமாகிவிடுகிறது. எங்கள் குடியிருப்பில் இந்த மதத்துக்கு ஆள் இரண்டாவது மாடியில் இருக்கிறார். பெயர் வேண்டாம், நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம்.

நம்மவர் தண்ணீரில் ஆரம்பிப்பார். சிறுவாணித் தண்ணீர் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நம்மவருக்கு டீ வந்த பிறகு அது இரட்டிப்பாகிவிட்டது. போர் தண்ணீரில் போட்ட டீயின் மேல் பளபளவென்று ஓர் ஏடு படியும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து செய்கிற வேலை அது. இது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் அவர் நிரூபிப்பார். ஒரே இலையை இரண்டு கண்ணாடி டம்ளரில், ஒன்றில் சிறுவாணி, ஒன்றில் போர் என்று போட்டு, வந்தவர்களை ஜன்னலோரம் வரிசையாக நிறுத்திக் காட்டுவார். எல்லோரும் பார்த்து முடித்ததும் இரண்டையும் சிங்க்கில் ஊற்றிவிடுவார். அவை பார்க்க மட்டும்.

அடுத்தது சூடு. கிரீன் டீக்கு 75 முதல் 80 டிகிரி, கறுப்பு டீக்குக் கொதிக்கக் கொதிக்க. அதற்கு ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார். அதில் பேட்டரி தீர்ந்துபோகும் நாட்களில் லூ யூ துணைக்கு வருவார். எட்டாம் நூற்றாண்டுச் சீனாவில் உட்கார்ந்துகொண்டு தேயிலைக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதிய மனிதர். தண்ணீர் கொதிப்பதைக் கண்ணால் பார்த்தே கட்டம் பிரித்தவர்: முதலில் மீன் கண் போலக் குமிழி, பிறகு பாத்திரத்தின் ஓரத்தில் முத்துச்சரம், அதற்கப்புறம் அலை. நம்மவர் இதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் படத்துக்கு முன்னால் அவர் அம்மா இலை போட்டுப் படையல் வைத்துக்கொண்டிருந்த நேரம், அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது: “மீன் கண்ணு வந்திருச்சு!”

“ஏஞ்சாமி, இன்னைக்குப் பாத்தா மீன் வாங்கியாந்த?” என்று அந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். லூ யூவை அவருக்கு அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் தண்ணீர் அலைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. நம்மவர் அதையும் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார்.

பிறகு வருவது பொறுமை. ஒவ்வொரு டீக்கும் செல்போனில் அலாரம் வைப்பார். “மூணு நிமிஷம் பொறுங்க” என்பார். அந்த மூன்று நிமிடத்தில் இலை எந்த மலை, எந்தச் சரிவு, எந்த மாதம் பறித்தது என்று சொல்லத் தொடங்குவார். அலாரம் அடிக்கும். கதை பாதியில் நிற்குமா? டீ ஊறிக்கொண்டே இருக்கும். அவர் வீட்டில் துவர்க்காத கிரீன் டீயை நான் குடித்ததில்லை. தெர்மாமீட்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

டீ போடுவதற்கு உலகத் தரம் ஒன்று உண்டு என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஐ.எஸ்.ஓ. 3103, வருடம் 1980. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். இதற்கு இணையாகப் பிரிட்டிஷ் தரம் ஒன்று வந்தது, பி.எஸ். 6008. டீ போடுவதற்கு ஆறு பக்கத்தில் விதி எழுதியதற்காக 1999-ல் அதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைப்பதற்காகக் கொடுக்கிற பரிசு அது. நம்மவர் அதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை. இன்னொன்றையும் அவர் சொல்வதில்லை. அந்த ஆறு நிமிடம் குடிக்கிறவருக்கானது அல்ல. இலையை இலையோடு ஒப்பிட்டுப் பார்க்க, உள்ளே இருக்கிற கசப்பும் துவர்ப்பும் குறையும் ஒளிய இடமில்லாமல் வெளியே வரட்டும் என்று போடுகிற டீ. குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சோதிக்கிற தொழில்முறை டேஸ்டர்கள் அதை உறிஞ்சுவார்கள், நாக்கில் சுழற்றுவார்கள், துப்பிவிடுவார்கள். நம்மவர் வீட்டில் துப்புவதற்குப் பாத்திரம் கிடையாது. எதிரே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுங்கித்தான் ஆக வேண்டும்.

உறிஞ்சுவதை மட்டும் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஸ்பூனில் எடுத்து, உதட்டைக் குவித்து, சர்ர்ர்ரென்று ஒரு இழுப்பு. டீயோடு காற்றும் கலந்து போனால்தான் வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். விஷயம் சரியே. இரண்டாவது மாடியில் இழுப்பது மொட்டை மாடிவரை கேட்கும். சின்ன வயதில் ரசத்தை இப்படி உறிஞ்சியதற்காகத் தொடையில் கிள்ளு வாங்கிய பிள்ளை, ஐம்பது வயதில் ஊரைக் கூட்டி வைத்து உறிஞ்சுகிறான் என்று அவர் அம்மா என் மனைவியிடம் வருத்தப்பட்டார்.

உறிஞ்சியதும் கண்ணை மூடுவார். பிறகு கேள்வி வரும்: “என்ன தெரியுதுங்க?”

அந்த ஐந்து வகையையும்விடக் கடினமானது இந்த இடம். கச்சேரியில் முன்வரிசையில் உட்காரவைத்து ராகம் கேட்கிற மாதிரி. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்போம். மூன்றாவது மாடியில் மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் கூசாமல் பதில் சொல்வார். பெரும்பாலும் ஒரே பதில்: “சூடா இருக்குங்க.” ஒருநாள் எர்ல் கிரே வந்தது. 1830 முதல் 1834 வரை பிரிட்டனில் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பேர், இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவில் விளைகிற பெர்கமாட் என்ற பழத்தின் தோல் எண்ணெய் வாசம், என்றெல்லாம் முன்னுரை முடிந்து, என்ன தெரியுதுங்க என்றார். சூப்பர்வைசர் இன்னொரு முறை முகர்ந்தார். “சலூன்ல சவரம் முடிச்சதும் ஒண்ணு அடிப்பாங்களே, அதே வாசம்ங்க.”

நம்மவர் அன்று முழுக்கப் பேசவில்லை. ஆனால் சூப்பர்வைசர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கொலோன் தண்ணீருக்கு ஆதார வாசமே பெர்கமாட்தான். அந்த அறையில் அன்றைக்குச் சரியாக ருசி பார்த்தவர் அவர் ஒருவரே.

பால் டீயை நம்மவர் டீயாகவே ஒப்புக்கொள்ளமாட்டார். 1930-களில் அஸ்ஸாமில் வந்த சி.டி.சி. இயந்திரம், இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிக் குருணையாக்கி விட்டதில்தான் இந்தியாவின் நாக்கு கெட்டது என்பது அவர் கட்சி. எனக்கு இதில் உடன்பாடில்லை. பாலோடு சேர்ந்து கொதித்தும் தலைதூக்கி நிற்க அந்தக் குருணைக்குத்தான் தெம்பு உண்டு; முழு இலையைப் பாலில் போட்டால் பாலுக்குப் பழுப்பு நிறம் கிடைக்கும், அவ்வளவுதான். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அதை நிரூபிக்க இரண்டு டம்ளர் வந்துவிடும்.

பிள்ளைகளுக்கு மட்டும் அவர்மேல் தனிப் பிரியம். காம்பவுண்டுச் சுவர் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீல டீ செய்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கண்ணெதிரே ஊதாவாக்கிக் காட்டுவார். ருசி என்று அதில் ஒன்றும் இல்லை. பூஜைக்குப் பூ இல்லை என்று கீழ்வீட்டுப் பாட்டி வாட்ச்மேனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

வாசம் ஏற்றிய டீயைக் கடையில் வாங்குவது போதாது, நாமே ஏற்ற வேண்டும் என்ற கட்டம் அடுத்து வந்தது. சீனாவில் ஃபூசோ பக்கம் மல்லிகை டீ செய்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது வேறு ஏதோ தேவலோக மல்லிகை அல்ல, நம் குண்டுமல்லி இனமே. சத்தியமங்கலத்திலிருந்து கோவை பூ மார்க்கெட்டுக்குத் தினமும் வந்து இறங்குகிறதே, அதுதான். இது தெரிந்த நிமிடம் முதல் நம்மவருக்குத் தூக்கம் இல்லை. அங்கே பகலில் மொட்டாகப் பறித்து, இரவில் அது மலரும் நேரம் பார்த்து இலையோடு கலந்து வைப்பார்கள். விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, பூவின் ஈரத்தை வாங்கிய இலையை மறுபடி உலர்த்துவார்கள். அடுத்த இரவு புதுப் பூ. நல்ல ரகத்துக்கு இது பலமுறை நடக்கும். நம்மவர் இதில் இரண்டு விஷயங்களைச் சுருக்கினார். மொட்டுக்குப் பதிலாக, வெள்ளிக்கிழமைக்கென்று மனைவி வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு முழத்தை உருவிப் போட்டார். உலர்த்துவதை விட்டுவிட்டார். நாலாம் நாள் டப்பாவைத் திறந்தபோது உள்ளே வெள்ளையாகப் பூஞ்சையும், ஒரு சாண் வாழைநாரும் இருந்தன.

“என்னங்க, தலைக்கு வெக்கற பூவ டப்பாவுல வெச்சுட்டு, எம்பட தலைக்கு இனி டீத்தூளா?” என்றார் மனைவி. அன்றே ஹால் ஷெல்ஃபில் இருந்த டப்பாக்கள் அத்தனையும் நாடு கடத்தப்பட்டன. சமையலறையில் மசாலா அலமாரியின் மேல் தட்டில் இடம் கிடைத்தது. சில டப்பாக்களுக்கு மூடி சரியாக உட்காரவில்லை.

தேயிலைக்கு ஒரு குணம். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை வாங்கிக்கொள்ளும். மல்லிகை டீ சாத்தியமாவதே அதனால்தான்.

மார்கழியில் நம்மவர் குன்னூர் போய்ப் பனிக்காலத்து நீலகிரி இலை வாங்கி வந்திருந்தார். குளிரில் கொழுந்து மெதுவாக விடுகிற காலத்து இலை, மணத்துக்குப் பேர்போனது. ஒரு மாதம் ஆறப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டார். தண்ணீர், தெர்மாமீட்டர், அலாரம், சர்ர்ர். கண்ணை மூடினார். இந்தத் தடவை வெகுநேரம் திறக்கவில்லை.

“முன்னாடி பூ மணம் வருதுங்க,” என்றார் கடைசியில். “பின்னாடி ஒண்ணு வருது பாருங்க, ஆழமா, லேசா கந்தகம் மாதிரி, மண்ணு மாதிரி... இதெல்லாம் யுன்னான்ல பழைய மரத்து டீயிலதான் வரும்னு படிச்சிருக்கேன். நம்ம நீலகிரியில வருது!”

எங்களுக்கும் அந்த ‘பின்னாடி ஒண்ணு’ தெரிந்தது. எங்கேயோ தினம் தினம் பழகிய ஆள் மாதிரி இருந்தது, பேர்தான் வரவில்லை.

முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்த அவர் அம்மா, கோப்பையை வாங்கக்கூட இல்லை. நம்மவர் நீட்டியபோதே மூக்கைச் சுருக்கினார்.

“பெருங்காயம்டா. தூள் இல்ல, கட்டி.”

வேறு யாராவது என்றால் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அந்த டப்பாவில் புது லேபிள் ஒட்டியிருந்தது: ‘நீலகிரி ஹிங், வீட்டுத் தயாரிப்பு’. கீழே சூடு 90 டிகிரி, நேரம் மூன்று நிமிடம் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். பொறுத்தோம். ஆளுக்கு ஒரு மடக்கு வந்தது.

“என்ன தெரியுதுங்க?”

சூப்பர்வைசர் நாக்கைச் சப்புக் கொட்டினார். “நல்லாத்தானுங்க இருக்குது. இதுல ரெண்டு கரண்டி மோர் ஊத்தி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டம்னா சோறே எறங்கும்.”

நம்மவருக்குக் கோபம் வரவில்லை. நோட்டை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். “மோர் எத்தனை டிகிரியில ஊத்தணும்ங்க?” என்றார்.