ஷேர் ஆட்டோவுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

பெருமதிப்பிற்குரிய மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு, திருப்பூர் பனியன் தொழிலாளர்களின் வணக்கம்.

சோதனை என்று வந்துவிட்டால் ஷேர் ஆட்டோவை மடக்கி, உள்ளே இருந்தவர்களை டிபன் பையும் கையுமாக பி.என். ரோட்டோரம் இறக்கி நிறுத்தும் தங்கள் கடமையுணர்ச்சியை மெச்சவே இக்கடிதம். குற்றம் எங்களுடையதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஆட்டோ ஓர் ஒப்பந்த ஊர்தி. மொத்தமாகப் பேசி ஏறலாம். ஒப்பந்தத்தில் இல்லாதவரை வழியில் நிறுத்தி ஏற்றவோ இறக்கவோ கூடாது. கல்யாணக் கோஷ்டி மொத்தமாக ஏறினால் செல்லும், கம்பெனி வேலைக்கு ஆளுக்கொரு இடத்தில் ஏறினால் செல்லாது. எனவே செக்கிங் அக்கா பெண்ணுக்கு அத்தை, ஓவர்லாக் டெய்லர் மாப்பிள்ளைத் தோழன், ஒடிசாவிலிருந்து வந்த அயர்னிங் தம்பி தாய்மாமன் என்று பத்திரிகை அடித்து டிரைவரிடம் கொடுத்துவிடுகிறோம். முகூர்த்தம், ஷிப்ட் தொடங்கும் நேரம்.

காரில் ஒற்றை ஆளாகப் போகிறவருக்கு இந்தச் சொந்தபந்தத் தொல்லை இல்லை. நான்கு பேர் இடத்தை ஒருவர் அடைத்துக்கொண்டு நொய்யல் பாலத்தில் நிற்கலாம். எந்தச் சட்டமும் ஏனென்று கேட்காது. சிகாகோவில் கேட்கிறார்கள். 2020 ஜனவரியில், ஆப்பில் கூப்பிடும் வண்டியில் வாரநாளில் நகர மையத்துக்குத் தனியாகப் போனால் 3 டாலர், பகிர்ந்து போனால் 1.25 டாலர் என்று வரி போட்டார்கள். இங்கே பகிர்ந்தால்தான் தண்டம். ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆப் வண்டிகளுக்குத்தான். கையை நீட்டி நிறுத்தும் வண்டிக்கு அதில் இடமில்லை. பத்திரிகையில் பெயர் விட்டுப்போன பங்காளி மாதிரி.

ஷேர் ஆட்டோவில் ஆளை அடைக்கிறார்கள், பாதுகாப்பில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் வழியில் ஏற்றும் முதல் ஆளே குற்றம் என்றால், எட்டாவது ஆளை ஏற்ற டிரைவர் எதற்குத் தயங்க வேண்டும்? அரசு பஸ் வருமானத்தை ஷேர் ஆட்டோ தின்கிறது என்பது அடுத்த புகார். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. இலவசத்தை விட்டுவிட்டு ஒருத்தி காசு கொடுத்து ஆட்டோ ஏறுகிறாள் என்றால், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் வருகிறவளை, பஸ்ஸும் விடாமல், வந்த வண்டியையும் பிடுங்கிக்கொண்டு ரோட்டில் நிற்கவைப்பது ஒழுங்குமுறை அல்ல, அநியாயம். அவள் வீட்டார் அடுத்த மாதமே தவணையில் டூவீலர் எடுப்பார்கள், கை நிமிர்ந்ததும் கார். நெரிசலை ஆராயத் தாங்களே குழு போடுவீர்கள்.

மன்னிக்கவும், சம்பந்தி வீட்டாரிடம் குரல் உயர்த்தக் கூடாது. 2025 ஜூனில் மினி பஸ்ஸுக்குப் புதிய திட்டம் தந்த கைதானே தங்கள் கை! அதே கையால் ஷேர் ஆட்டோவுக்கும் தனி பெர்மிட் ஒன்று எழுதுங்கள்: இன்ன தடம், இத்தனை ஆள், இவ்வளவு கட்டணம், டிரைவரின் பெயரும் படமும் வண்டிக்குள்ளே. அதை மீறுகிறவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் அபராதம் வாங்குங்கள், ரசீது போட்டு.