துரையை மயக்கிய கேக்

ப்ளம் கேக்கில் பிராந்தி இல்லாவிட்டால் ருசிக்காதாமே, அப்படியா?
— ஒரு வாசகி, கோவை

துரைகளும் அப்படித்தான் நினைத்தார்கள்! பர்மாவில் பிஸ்கட் போடக் கற்றுவந்து, 1880-ல் தலைச்சேரியில் பேக்கரி திறந்தவர் மாம்பள்ளி பாபு. 1883-ல் அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத் துரை பிரவுன், சீமை கேக் ஒன்றைக் காட்டி அதேபோல் செய்யச் சொன்னார். பிராந்தியை மாஹேயில் வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். பக்கத்துத் தர்மடம் கொல்லரிடம் அச்சு அடித்துக்கொண்ட பாபு, சரக்கையும் உள்ளூரிலேயே முடித்துவிட்டார்: முந்திரிப்பழமும் கதலியும் ஊறிய நாட்டுச் சாராயம்! தின்று பார்த்த துரை, பிராந்தியைப் பற்றி மூச்சே விடவில்லை. இன்னும் ஒரு டஜன் கேட்டார். (மேலே போட்டுக் கொடுத்தாரா, தெரியவில்லை.)

அந்தக் குடும்பத்தார் இன்றும் தலைச்சேரியில் பேக்கரி நடத்துகிறார்கள்.