விருந்தாளிக்குச் சீனி

எழுபதுகளில் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் காப்பி இரண்டு வகை. வீட்டு ஆட்களுக்குக் கருப்பட்டிக் காப்பி, வந்தவர்களுக்குச் சீனிக் காப்பி. கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகும். அதனால் நாங்கள் குடித்து வளர்ந்தது பெரும்பாலும் பால் இல்லாத கடுங்காப்பிதான். பால் ஊற்றி, வெள்ளைச் சீனி போட்டு, நுரை பொங்க ஆற்றித் தருவது மரியாதை. சம்பந்தம் பேச வந்தவர்கள், வாத்தியார், லீவில் ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரர் என்று சிலருக்காகவே சீனி டப்பா எங்கள் கைக்கு எட்டாத பலகையில் இருந்தது.

சீனி அப்போது அளந்து கிடைத்த பொருள். ஆலைகள் தம் உற்பத்தியில் ஒரு பங்கை அரசு சொன்ன விலைக்கு லெவியாகக் கொடுக்க வேண்டும்; அதுதான் ரேஷன் கடைக்கு வரும். மிச்சம் வெளிச்சந்தையில் விலை கூடுதலாக விற்கும். லெவி முறை 2013 வரை நீடித்தது. தமிழ்நாட்டில் அரிசியே வேண்டாமென்று விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் கூடுதலாகச் சீனி வாங்கும் அட்டையும் உண்டு. விரும்பினால் அவற்றை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று 2019-இல் அரசு அறிவித்தபோது, அப்படிப்பட்ட அட்டைகள் 10 லட்சத்துக்கு மேல் இருந்தன. அன்று கிடைப்பது அரிது என்பதால்தான் சீனிக்கு அவ்வளவு மதிப்பு. ஒரு வீட்டுக் காப்பி பாகு மாதிரி இருந்தது என்றால் அந்த வீட்டுக்குப் பெருமை. சப்பென்று இருந்தது என்றால் அந்த வீட்டம்மாள் கைச் சிக்கனம் என்று தெருக்கோடி வரை பேச்சு போகும். இந்தப் பேச்சுக்குப் பயந்தே என் அம்மா விருந்தாளி தம்ளரில் ஒரு கரண்டி சேர்த்துப் போடுவாள். அவளுடைய அன்புக்கு அவள் அறிந்த அளவுகோல் அதுதான்.

இன்று அதே அம்மாவுக்கு நீரிழிவு. நோய் வந்த புதிதில் அவளுக்குத் தந்த காப்பியில் சீனி கிடையாது. எங்கள் சிறுவயதில் பணக்கார வியாதி என்று ஊரில் சொல்லப்பட்ட நோய் அது. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது, நாட்டிலேயே அப்படி ஒன்று புதிது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பணம் இருக்கிறதா இல்லையா என்று அது இப்போது பார்ப்பதில்லை. எல்லாப் பழியும் சீனிமேல் இல்லை. வம்சம், வயிற்றுச் சதை, உடலை அசைக்காத வேலை, தட்டு நிறையச் சோறு எல்லாம் சேர்ந்து வருவது அது. ஆனால் இவற்றில் நாளைக் காலையே கை வைக்க முடிகிற இடம் காப்பித் தம்ளர் என்பதால்தான் நான் அதைப் பற்றியே பேசுகிறேன்.

கருப்பட்டியின் கதை இன்னும் விசித்திரமானது. காலையும் மாலையும் பனை ஏறி, புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கி, விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிற பொருள் அது. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வேண்டாம் என்று அப்பன்மாரே முடிவு செய்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறுகிறவர்கள் குறைந்தார்கள், கருப்பட்டி குறைந்தது, விலை ஏறியது. உடன்குடிக் கருப்பட்டிக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. நாற்கரச் சாலையோரத்தில் 'கருப்பட்டிக் காப்பி' என்று பெரிய பலகை வைத்த கடைகளில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. விருந்தாளிக்குத் தரத் தயங்கிய காப்பி விருந்தாளிகளின் காப்பி ஆகிவிட்டது. ஏழைக்குக் கிடைப்பது ரேஷன் சீனி. விலை ஏறியதும் கலப்படமும் வந்தது. கருப்பட்டியில் எதைக் கலக்கிறார்கள் என்றால், சீனியைத்தான்.

என் பெரியம்மை மகன் ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறவர். "சீனியை விட்டுட்டேன்ல, இப்பம்லாம் கருப்பட்டிதான்" என்று நிம்மதியாகச் சொல்கிறார். அந்த நிம்மதி எனக்குக் கவலை தருகிறது. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் பிற தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஒரு தம்ளர் காப்பியில் கரைகிற அளவுக்கு அது பெரிய வரவு அல்ல. குடலுக்கு நிறம் தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மணத்துக்காகவும் பனையேறிக்கு நாலு காசு போகட்டும் என்பதற்காகவும் கருப்பட்டி வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். மருந்து என்று நினைத்து இரண்டு தம்ளராக்க வேண்டாம்.

கணக்கு எளிது. ஒரு மட்டக் கரண்டி, அதாவது டீஸ்பூன் சீனி, சுமார் 4 கிராம். இப்படிச் சேர்க்கிற சர்க்கரை மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த ஐந்து சதவீதம் 25 கிராம். ஆறு கரண்டி. டீக்கடை கிளாஸில் இரண்டு கரண்டி என்று வைத்தால், மூன்று டீயில் அது தீர்ந்தது. வெயிலுக்கு ஒரு 300 மில்லி கோலா குடித்தால் அதில் மட்டுமே 30 கிராமுக்கு மேல். நீராகக் குடிக்கிற சர்க்கரை வேகமாக ரத்தத்தில் சேரும். வயிறு நிறைந்த உணர்வையும் தராது. நாலு லட்டு தின்கிறவரைத் தடுக்க வீட்டில் ஆள் உண்டு. நாலு டீ குடிக்கிறவரை யார் எண்ணுகிறார்கள்?

டீக்கடையில் கிளாஸின் அடியில் முதலில் விழுவதே சீனி. அதன் மேல்தான் பாலும் டிகாஷனும். ஆகவே மாஸ்டர் கரண்டியை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருமுனைக் கடையில் முன்பு "சீனி கம்மி" என்றால் "என்ன அண்ணாச்சி, சுகரா?" என்று பத்துப் பேர் திரும்பிப் பார்க்கக் கேட்பார்கள். நோய் வந்தவன் மட்டும் குறைக்கிற பொருள் சீனி என்ற எண்ணம் அது. இப்போது அந்தக் கடையில் கல்லூரிப் பையன்களே "அரைச் சீனி" என்று கேட்கிறார்கள், மாஸ்டரும் மறு பேச்சில்லாமல் போடுகிறார். இதைப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் அலுவலகங்களில் பொத்தானை அழுத்தினால் வருகிற டீயில் பால் பொடியோடு சீனியும் முன்கூட்டியே கலந்திருக்கிறது; குறைக்க வழியே இல்லை. சீனி கலக்காத பொடியும் விற்பனையில் உண்டு. வாங்கி வைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தனிக் காப்பி போடுவதை நிறுத்தினோம். ஒதுக்கப்பட்டவள் போல அவள் தம்ளரைப் பார்ப்பதை எங்களால் தாங்க முடியவில்லை. எல்லோருக்கும் கால் கரண்டி குறைத்தோம். சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகியதும் இன்னும் கால் கரண்டி. நாக்கு உண்மையிலேயே பழகும், பழைய அளவு பிறகு திகட்டும். செயற்கை இனிப்பு மாத்திரைகளைப் போடவில்லை; எடையைக் குறைக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது, அந்த அறிவுரை நீரிழிவு உள்ளவர்களுக்கானது அல்ல என்றாலும். சீனி குறைந்த பிறகுதான் காப்பித்தூள் நல்லதா என்று எங்களுக்கே தெரிய ஆரம்பித்தது. டிகாஷனைக் கெட்டியாக்கினோம். அம்மாவின் கைப்பையில் மட்டும் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்கும். மருந்தின் வேகத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் உயிர் காப்பது அதே இனிப்புதான்.

இப்போது தங்கை மகள் கல்யாண வேலை நடக்கிறது. காப்பியில் சீனி கலக்காமல் பக்கத்தில் கிண்ணத்தில் வைக்கலாம் என்று நான் சொன்னதும் மதினி கோபித்துக்கொண்டார். "கல்யாண வீட்டுல வந்தவங்களுக்குச் சப்புன்னு காப்பியா? நாளைக்கு யாரு பேச்சு கேக்கது?" அம்மா குறுக்கிட்டு, "வந்தவுகள்ல பாதிப்பேரு மாத்திர போடுதவுகதான்ட்டீ, கேட்டுப் போடுறதுதான் மரியாதை" என்றாள். மதினி அரை மனதோடு சம்மதித்தார். சமையல்காரரும் சரி என்றுவிட்டார். வரவேற்பில் குழந்தைகளுக்கு ரோஸ் மில்க் வேண்டாம், நீர்மோரும் பதநீரும் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். பதநீரும் இனிப்புதானே என்று தங்கை மடக்கினாள். நியாயமான கேள்வி. சின்ன தம்ளர் என்று பேசி முடித்திருக்கிறோம்.