எக்ஸ்ட்ரா வேலை

குளியலறை ஒழுக்கை நிறுத்த வந்த காண்டிராக்டரின் ஆள், சுவருக்குள் சாந்தமாய்க் கிடந்த தண்ணீர்க் குழாயை உளியால் பிளந்து, கூடத்துச் சுவரை ஓதமேறச் செய்து, அலமாரிக் கதவுகளை உப்பவைத்த பிறகு, அந்த அனர்த்தங்களைச் சீர்செய்த கூலியையும் சிமெண்டையும் ‘எக்ஸ்ட்ரா வேலை’ என்று பில்லிலே சேர்த்த காண்டிராக்டரின் தைரியத்தை என்னென்பது! “பழைய குழாய் சார், தொட்டாலே உடையும்” என்று அனுதாபம் வேறு.

வீடு கட்டும் பணியையும் சேவையென ஒப்பும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 5 லட்ச ரூபாயைத் தாண்டாதவரை, 2 ஆண்டுகளுக்குள் கட்டணமின்றியே மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். நம்மிடமுள்ள ஏக சாசனமோ சிகரெட் அட்டையில் பென்சிலால் கிறுக்கிய கணக்கு. முறையான ரசீது கேட்டால், “ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஏறுமே சார்” என்று, என் பணத்துக்காக அந்த மகானுபாவர் என்னைவிட அதிகம் விசனப்படுகிறார்.