டியூப்லைட்டின் கீழ் குடும்பப் படம்: நாவலூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

“குடும்பத்தோடு பார்க்கலாமா?” என்ற கேள்விக்குத் தமிழ்த் திரைவிமர்சகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லிவருகிறார்கள். பார்க்கலாம் என்பார்கள், வேண்டாம் என்பார்கள், ஒரு பாட்டை மட்டும் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம் என்பார்கள். எந்தக் குடும்பம், எந்த அறையில், யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்து, எவ்வளவு வெளிச்சத்தில் என்ற அடிப்படை விவரங்களை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் குறையை நீக்க இவ்வாய்வு முனைகிறது.

ஆய்வுக்களம் நாவலூர். பழைய மாமல்லபுரம் சாலையில் செம்மஞ்சேரிக்குத் தெற்கே, சிறுசேரிக்கு வடக்கே உள்ள ஊர், செங்கல்பட்டு மாவட்டம். 2023 அக்டோபரில் இங்குள்ள சுங்கச்சாவடியில் கட்டண வசூல் நிறுத்தப்பட்டதிலிருந்து, காரில் கடந்து போகிறவர்களுக்கு இவ்வூரை நினைக்க இருந்த ஒரு காரணமும் போய்விட்டது. ஆய்வாளருக்கோ இதைவிடத் தோதான களம் அமையாது. அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டு படுக்கையறை, ஒரே ஹால், ஒரே டிவி, மூன்று தலைமுறை. திரையரங்கம் ஊருக்குள்ளேயே உண்டு. ஏஜிஎஸ்சுக்குப் போகலாம், ஏகாட்டூர் மாலுக்கும் போகலாம். ஆனால் மாமியாரின் முழங்கால் வலி, இடைவேளை வரை பொறுக்காத மகனின் அவசரம், கடல் கடந்து எந்நேரமும் வரக்கூடிய அலுவலக அழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து சனிக்கிழமை இரவில் குடும்பத்தை வீட்டோடு நிறுத்திவிடுகின்றன.

ஆய்வுக்கு உட்பட்டோர்: ஆய்வாளர், அவர் மனைவி, மதுராந்தகத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார், ஒன்பதாம் வகுப்பு மகள், இரண்டாம் வகுப்பு மகன். இவர்களிடம் ஒப்புதல் பெறப்படவில்லை. பெற முயன்றால் படம் தொடங்கியிருக்காது.

முன்வரலாறு

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது படத் தேர்வு என்ற சிக்கலே இல்லை. ஞாயிறு மாலை அவர்கள் போட்டது படம். பிடிக்காதவர்கள் அடுத்த ஞாயிறு வரை பிடிக்காமல் இருந்துகொள்ளலாம். டிவி இருந்த வீட்டுக்குத் தெருவே வந்து உட்கார்ந்தது. யாரும் யாரையும் கலந்தாலோசிக்கவில்லை, ஆகவே யாரும் சண்டையிடவும் இல்லை.

அடுத்து வந்த வீடியோ டெக் காலத்தைத்தான் இத்துறையின் பொற்காலம் என்று ஆய்வாளர் கருதுகிறார். கல்யாண வீட்டிலோ, மஞ்சள்நீராட்டு முடிந்த இரவிலோ, கேசட் கடையிலிருந்து டெக்கையும் மூன்று கேசட்டையும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து வருவார்கள். முதல் கேசட் சாமி படம். அது முடிவதற்குள் பெரியவர்கள் சாய்ந்துவிடுவார்கள். இரண்டாவது சிரிப்புப் படம் அல்லது சண்டைப் படம். அதில் பிள்ளைகள் விழுவார்கள். மூன்றாவது கேசட்டை விழித்திருப்பவர்கள் பார்த்தார்கள். அதன் பெயரை மறுநாள் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் பார்க்கத்தக்க ஒரே படத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் அக்காலத்தவர் இறங்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூக்கம் வரும் வரிசைப்படி படத்தை அடுக்கினார்கள், அவ்வளவுதான். இந்த அறிவு ஓடிடி காலத்தில் எப்படி அற்றுப்போனது என்பது தனி ஆய்வுக்குரியது.

சான்றிதழ் பற்றிய மயக்கம்

சான்றிதழைப் பார்த்துத் தேர்வு செய்யலாமே என்று சிலர் கூறுவர். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி தொடக்கத்தில் யு, ஏ என்ற இரண்டே பிரிவுகள் புழங்கின. 1983இல் யு/ஏ, எஸ் இரண்டும் சேர்ந்தன. 2023இல் செய்த திருத்தம் யு/ஏவை 7, 13, 16 வயது என மூன்றாக உடைத்தது. ஓடிடி தளங்களுக்கோ தணிக்கை வாரியம் கிடையாது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்களே தங்கள் படங்களுக்கு வயது குறித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டு ஆய்வாளர் இங்கே கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு வந்தது. 2011இல் பெயர் மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும் என்றானது. அன்றிலிருந்து யு என்பது குழந்தைகளைப் பற்றிய செய்தியாக இல்லாமல் காசைப் பற்றிய செய்தியாகிவிட்டது. கத்தி இறங்கும் காட்சியில் கத்தியை எடுத்துவிட்டு இறங்குவதை மட்டும் வைத்துக்கொண்டு யு வாங்கிய படங்கள் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்தக் கணக்கைக் கலைத்தது. ஆகவே 2011க்கும் 2017க்கும் இடைப்பட்ட யு சான்றிதழ்களை, எழுத்து தேய்ந்த செப்பேட்டைப் படிப்பது போல்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு சான்றும் கிடைத்துள்ளது. யு படமொன்றில் மகன் மிகவும் பயந்து கண்ணை மூடிக்கொண்ட இடம், படம் தொடங்குவதற்கு முன் வந்த புகையிலை எச்சரிக்கைக் காட்சி. புகைபிடிக்கும் காட்சியுள்ள படங்களில் தொடக்கத்திலும் நடுவிலும் அதைக் காட்ட வேண்டும் என்ற விதி 2012இல் திரையரங்குகளுக்கு வந்தது. 2023 செப்டம்பர் முதல் ஓடிடிக்கும் உண்டு. அதே படத்தில் வில்லன் ஆறு பேரை வெட்டியதை மகன் முறுக்கு தின்றுகொண்டே பார்த்தான்.

கோட்பாடு

சங்கடம் படத்தில் இருக்கிறது என்பது முன்னோர் கொள்கை. இவ்வாய்வு அதை மறுக்கிறது. திரையரங்கில் இதே ஐவர் இதே படத்தை அருகருகே அமர்ந்து பார்த்தபோது எந்தக் கேடும் நேரவில்லை. அங்கே இருட்டு. வீட்டில் டியூப்லைட் எரிகிறது. எரிந்தே ஆக வேண்டும், ஏனெனில் “இருட்டுல டிவி பார்த்தா கண்ணு கெட்டுப்போயிடும்” என்பது மாமியாரின் அசைக்க முடியாத மருத்துவக் கொள்கை. வெளிச்சத்தில் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரிகிறது. திரையில் நாயகன் நாயகியை நெருங்கும்போது நம் கண் திரையை விட்டு மாமியார் முகத்துக்குப் போகிறது; அவர் கண் நம் முகத்தில் இருக்கிறது. சங்கடம் பிறக்கும் இடம் அதுவே.

இதை அளக்க ‘நெளிவு’ என்னும் அலகை ஆய்வாளர் முன்மொழிகிறார். சோபாவில் ஒருவர் எந்தக் காரணமும் இன்றி ஒருமுறை நகர்ந்து உட்கார்ந்தால் ஒரு நெளிவு. மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே இது உச்சத்தில் உள்ளது. அப்பாவுக்கும் ஒன்பதாம் வகுப்பு மகளுக்கும் இடையே அடுத்தபடி. மனைவி அத்தருணங்களில் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க எழுந்து போய்விடுவதால் அளவிட இயலவில்லை. மகன் நெளிவதே இல்லை. அவன் கேள்வி கேட்கிறான், மற்றவர்கள் நெளிகிறார்கள்.

மின்தடை இரவுகள் இயற்கையே நடத்தித் தந்த சோதனைகள். இன்வெர்ட்டர் பேட்டரி டிவிக்கும் வைஃபைக்கும் ஒரு ஃபேனுக்கும் போதுமாக இருக்கட்டும் என்று அப்போது டியூப்லைட்டை அணைத்துவிடுவார்கள். அவ்விரவுகளில் நெளிவு கண்கூடாகக் குறைந்தது. அதே நடிகர், அதே மழைப்பாட்டு.

வெளிச்சத்தில் சிக்கியவர்கள் ரிமோட்டின் பத்து விநாடிப் பொத்தானை நாடுகிறார்கள். இது வீட்டுக்கு வந்த தணிக்கைக் கத்தரி என்று எண்ணுவது பிழை. முத்தக் காட்சி அரை நிமிடம் ஓடும். ஒருமுறை அழுத்தினால் பத்து விநாடி தாண்டி அதே காட்சியில் போய் நிற்கும். நின்று, சுழலும் வட்டத்தோடு, படம் உறைந்து காத்திருக்கும். மறுபடி அழுத்தினால் மறுபடியும். சும்மா விட்டிருந்தால் அசைந்துகொண்டே கடந்திருக்கும் காட்சி, மூன்று அசையாப் படங்களாகச் சட்டமிட்டு ஹாலில் மாட்டப்படுகிறது. “நெட் ஸ்லோவா இருக்கு” என்று ஆய்வாளர் யாரும் கேட்காமலேயே விளக்கம் அளிப்பார்.

குடும்பப் படம் எனும் வகைமை

நெளிவே இல்லாத படங்களும் உண்டு. அவற்றை ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு ஆய்வாளரையே திடுக்கிட வைத்தது. ஏ. பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’ (1959) ஐவரும் அமைதியாக அமர்ந்து பார்த்த படம். பெயரிலேயே சொத்துப் பிரிப்பு இருக்கிறது. ‘பாசமலர்’ (1961) முடிவில் அண்ணனும் தங்கையும் செத்துப்போகிறார்கள். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வீட்டின் நடுவே கோடு கிழித்துத் தகப்பனும் மகனும் பிரிகிறார்கள். குடும்பம் உடைவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தமிழனுக்கு ஒரு தடையும் இல்லை. குடும்பம் உருவாவதற்கு இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்ப வேண்டும் என்ற இடத்தில்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான்.

பிள்ளைகளுக்கென்றே எடுத்த வெளிநாட்டுப் படங்கள் இதைவிட மோசம். ‘ஃபைண்டிங் நீமோ’ (2003) தொடங்கிய சில நிமிடங்களில் தாய் மீன் போய்விடுகிறது. ‘தி லயன் கிங்’ சிங்கக்குட்டியின் கண்ணெதிரே தகப்பனைக் கொல்கிறது. 2019ஆம் ஆண்டுப் படத்தின் தமிழ் ஒலிப்பதிவில் கொலைகாரச் சித்தப்பனுக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த்சாமி. குரலைக் கேட்டதும் மாமியார், “இது ரோஜா படத்துப் புள்ளையாச்சே, இவன் அப்படிச் செய்ய மாட்டான்” என்று 1992ஆம் ஆண்டின் நம்பிக்கையில் இருந்துவிட்டார். மகள் ‘தனி ஒருவன்’ (2015) படத்தைச் சான்று காட்டி மறுத்தாள். அண்ணன் சிங்கம் பள்ளத்தில் விழும்வரை அவர் ஏற்கவில்லை. விழுந்த பிறகும், “அவனுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றார்.

மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015) ஐவரின் ஏற்பையும் பெற்றது. பீட்சாவுக்காகக் குப்பத்துச் சிறுவர் இருவர் கரி பொறுக்கிக் காசு சேர்க்கும் கதை. இடையில் மகன் கேட்டதற்கு இணங்க இந்த வீட்டில் பீட்சா தருவிக்கப்பட்டது. திரையில் அந்தச் சிறுவர்கள் காசு சேர்த்து முடிப்பதற்குள் நாவலூரில் டெலிவரி ஆகிவிட்டது. கடைசியில் அவர்கள் தின்று பார்த்து நன்றாக இல்லை என்றபோது ஹாலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. காதல் காட்சி இல்லாமலேயே நெளிவு பதிவான ஒரே நிகழ்வு இது.

ஆவணப்படம்: ஒரு தவறான புகலிடம்

ஆவணப்படம் போட்டால் பிரச்சினை இராது என்பது படித்த பெற்றோரின் மூடநம்பிக்கை. ஆவணப்படம் நமக்குப் புதிதும் அல்ல, ஏ. கே. செட்டியார் நாடு நாடாகப் போய்ப் படச்சுருள் திரட்டிக் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இலேயே வெளியிட்டார். பிறகு 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன், திரையரங்குகளில் கட்டாயமாக ஓட்டிய செய்திப்படங்களால், ‘டாக்குமெண்டரி என்பது மக்கள் இடம் தேடி உட்காரும் நேரம்’ என்ற எண்ணத்தை ஆழ ஊன்றியது. மாமியார் இன்றும் ஆவணப்படம் தொடங்கினால், “மெயின் படம் எப்போ?” என்கிறார்.

இயற்கை ஆவணப்படத்தில் ஒன்று மிருகம் மிருகத்தைத் தின்னும், அல்லது இணையும். இரண்டும் இன்றி எந்தத் தயாரிப்பாளரும் ஒரு மணி நேரத்தை நிரப்பியதில்லை. இணையும்போது மகன், “ரெண்டும் சண்டை போடுதாப்பா?” என்று கேட்கிறான், டேவிட் அட்டன்பரோ அவனுக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், நல்லவேளையாக ஆங்கிலத்தில். தின்னும் காட்சிகள் மாமியாரின் அறவுணர்வைத் தொடுகின்றன. ‘பிளானட் எர்த் 2’ (2016) தொடரில், கலாபகஸ் தீவில் முட்டையிலிருந்து வந்த கடல் இகுவானாக் குஞ்சைப் பாம்புக் கூட்டம் துரத்தும் காட்சியில் அவர் எழுந்தே நின்றுவிட்டார். “படம் பிடிக்கிறவன் கையில ஒரு குச்சி கூடவா இல்ல? நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை.” ஆவணப்பட அறவியலில் இன்றும் தீராத கேள்வி இது. மாப்பிள்ளையிடம் பதில் இல்லை.

தவிர, நாவலூரில் பாம்புக்கு டிவி அவசியமும் இல்லை. மழைக்காலத்தில் தரைத்தளப் பார்க்கிங்கில் சாரை வந்து போகும். முட்டுக்காட்டுக் கழியைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகன் அங்கே போய்வந்ததிலிருந்து, டிவியில் வரும் பாம்புக்குப் பெரிய மரியாதை கொடுப்பதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு: கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’. முதுமலை தெப்பக்காட்டில் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. 2023இல் ஆஸ்கர் பெற்றது. சுமார் 40 நிமிடம்தான் என்பதால் மகனின் அவசரத்துக்குள் அடங்குகிறது. அவர்கள் தமிழில் பேசுவதால் மாமியாருக்கு எழுத்து படிக்கும் வேலை இல்லை. நடுவயது தாண்டிய இருவர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், யாரும் நெளியவில்லை. வளர்ந்த ரகுவை வேறு பாகனிடம் ஒப்படைக்கும் இடத்தில் ஐவரும் அழுதார்கள். அழும் முகத்தை வெளிச்சத்தில் அடுத்தவர் பார்ப்பதில் இந்த வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்பது துணைமுடிவாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

இந்த ஒரு படத்தை வாராவாரம் போட முடியாது என்பதுதான் சிக்கல். சென்ற சனிக்கிழமை தேர்வு தொடங்கி, முன்னோட்டங்களாகவே பார்த்துக்கொண்டிருந்ததில் இட்லி ஆறி, மகன் தூங்கி, மனைவி துணி மடிக்கப் போன பிறகு, அதுவரை பேசாதிருந்த மாமியார் வாய் திறந்தார். “எல்லாருக்கும் ஒரே படம்னு ஏன் தேடறீங்க மாப்பிள்ளை? முதல்ல திருவிளையாடல் போட்டுடுங்க. நான் பாதியில தூங்கிடுவேன். லைட்டை நிறுத்திட்டு அப்புறம் நீங்க எதை வேணாப் பாருங்க.”

இம்முன்மொழிவு பரிசீலனையில் உள்ளது. ரிமோட் மகளிடம் இருக்கிறது.