மெஷினுக்கு ‘எஸ்’ உண்டு, மெஷினரிக்கு இல்லை

கேள்வி: ஓசூர் கம்பெனி வேலைக்கு பயோடேட்டா தயார் செய்தேன். ‘மெஷினரீஸ்’, ‘எக்யூப்மென்ட்ஸ்’ இரண்டிலும் ‘எஸ்’ஸை அடித்துவிட்டார் எங்கள் சார். ‘மெஷின்ஸ்’ மட்டும் எப்படிச் சரி?
– ஐ.டி.ஐ. மாணவி, கெலமங்கலம்

பதில்: சார் அடித்தது சரிதான். மெஷினை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். மெஷினரி என்பது மொத்தக் கூட்டத்துக்கும் பெயர். அதை எண்ண முடியாது. ஜாப், வொர்க் ஜோடியும், சூட்கேஸ், லக்கேஜ் ஜோடியும் இப்படித்தான். இது பொருளைப் பார்த்துப் போட்ட விதியல்ல, மொழியின் பழக்கம். இல்லையென்றால் ஓட்ஸ் பன்மையாகவும் கோதுமைக்கான ‘வீட்’ ஒருமையாகவும் இருக்குமா? இரண்டும் தானியம்தானே! பட்டாணிக்கு ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘பீஸ்’ என்பதே ஒருமை. கடைசி ‘ஸ்’ஸைப் பன்மை என்று நினைத்து 17-ஆம் நூற்றாண்டுவாக்கில் வெட்டியதில் பிறந்ததுதான் இன்றைய ‘பீ’. பிரெஞ்சுக்காரர்கள் ‘இன்ஃபர்மேஷன்’ என்ற சொல்லையே பன்மையில் தாராளமாக எழுதுகிறார்கள். ஆகவே நீங்கள் எழுதியது அறிவுக்குறைவு இல்லை; தைரியமாக இருங்கள்.

உங்கள் ஊர்ச் சந்தையில் ‘ரெண்டு ராகி’ என்று யாரும் கேட்பதில்லை. ‘ரெண்டு மூட்டை ராகி’ என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் அந்த மூட்டையின் வேலையைச் செய்வது ‘பீஸ் ஆஃப்’. ‘டூ பீசஸ் ஆஃப் எக்யூப்மென்ட்’ என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஓசூர் சாலையில் ‘இன்ஜினியரிங் வொர்க்ஸ்’ என்ற போர்டைப் பார்த்தால் திருத்தப் போய்விடாதீர்கள். பட்டறை, தொழிற்சாலை என்ற பொருளில் அந்த ‘எஸ்’ சரியானது.