ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு ஓட்டு

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் படித்தேன். அருள்மொழிவர்மரைவிட ஆழ்வார்க்கடியான்தான் மனசில் நிற்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா?
(வாசகர், கடலூர்)

உங்களுக்கில்லை, கல்கிக்கு! தலைப்பை இளவரசருக்குக் கொடுத்துவிட்டு, குதிரையை வந்தியத்தேவனுக்கும் படகைப் பூங்குழலிக்கும் கைத்தடியை ஆழ்வார்க்கடியானுக்கும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

வந்தியத்தேவன் போன வழியில் நாமும் போகலாமா?
(வாசகி, சிதம்பரம்)

தாராளமாக. கதை தொடங்கும் வீரநாராயண ஏரி உங்கள் பக்கத்து வீராணம்தானே! ஒரு சிக்கல்: அவன் ஓலையோடு தெற்கே தஞ்சைக்குப் போனான், ஏரித் தண்ணீரோ 2004 முதல் குழாயில் வடக்கே சென்னைக்குப் போகிறது. யார் பின்னால் போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சதிகாரன் ரவிதாஸன் வெறும் கற்பனைதானே?
(வாசகர், நெய்வேலி)

காட்டுமன்னார்கோயில் பக்கம் போய் இப்படிக் கேட்டுவிடாதீர்கள்! உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் பெயர்கள் இருக்கின்றன. உறவினர்களின் நிலம்கூடப் பறிமுதலானது. கற்பனை என்றால் அது நந்தினிதான். அவளை ஊரே அறியும்; கல்வெட்டைப் பார்த்தவர்கள் குறைவு. நெய்வேலியிலிருந்து தூரமில்லை, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.